பெங்களூரிலிருந்து நெல்லைக்குக் காரில்: இரண்டு வயதுக் குழந்தையோடு 600 கிலோமீட்டரை எப்படிப் பிரிப்பது?

வேப்பம்பூ, சர்ஜாபூர் சாலை

வணக்கம். பங்குனி உத்திரத்திற்கு ஊருக்குப் போகிறோம். அம்பாசமுத்திரத்திற்குப் பக்கத்தில் எங்கள் சாஸ்தா கோவில். மகளுக்கு மூன்றாவது வயது நடக்கிறது. மொட்டையும் காதுகுத்தும் அங்கேதான் என்று அவள் பிறந்த அன்றே முடிவாகிவிட்டது. நாகர்கோவில் ரயிலில் காத்திருப்போர் பட்டியல் நூறைத் தாண்டி நிற்கிறது. ஆகவே கார்.

வண்டியில் ஐந்து பேர்: கணவர், நான், மாமா, அத்தை, மகள். நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுவோம். (மாமா இதைப் படிக்கமாட்டார் என்பதால் சொல்கிறேன்: நான் ஓட்டும்போது அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.)

இதுவரை மகளோடு போன நெடும்பயணம் என்றால் நந்தி மலைதான். மூன்றாவது வளைவிலேயே குடித்த பால் முழுவதும் வெளியே வந்துவிட்டது. அந்த வாடை இன்னும் வண்டியில் இருப்பதாகக் கணவர் சொல்கிறார்.

கேட்க வேண்டியவை: ஒரே மூச்சில் போவதா, நடுவில் ஓர் இரவு தங்குவதா? இரவில் கிளம்புவதா, விடியலிலா? இன்னொன்றும் உண்டு. குழந்தை இருக்கை வாங்கி வைத்திருக்கிறோம். அத்தை அதைக் கூண்டு என்கிறார். "மடி இருக்கும்போது பிள்ளையைக் கட்டிப்போட்டா கூட்டிப் போவார்கள்?" என்று தினமும் ஒரு முறை கேட்டுவிடுகிறார்.

இரவுப்பறவை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரவு சாப்பாடு ஊட்டிப் பத்து மணிக்குக் கிளம்புங்கள். ஒசூர் தாண்டுவதற்குள் குழந்தை தூங்கிவிடும். காலை ஏழரைக்கு நெல்லை. வெயில் இல்லை, நெரிசல் இல்லை, அழுகை இல்லை. நான் என் மகனோடு ஆறு முறை இப்படித்தான் போயிருக்கிறேன்.

பழைய ஓட்டுநர்

தம்பி இரவுப்பறவை கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் முப்பத்தொரு ஆண்டு பேருந்து ஓட்டியவன். அதில் பாதிக்கு மேல் இதே தடத்தில், இரவில். பகல் முழுக்கத் தூங்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். நீங்கள் பகல் முழுக்கக் கணினியைப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குச் சாவியைத் திருப்புகிறீர்கள். இரண்டும் ஒன்றா? விடியற்காலை மூன்று முதல் ஐந்து வரை கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்கமாட்டான். அந்த நேரத்தில் பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் லாரி, கிட்டே போன பிறகுதான் லாரி என்று தெரியும்.

பயமுறுத்துவது போதும். இதில் ஒரு கணக்குப் பிழையும் இருக்கிறது. இரவு முழுக்க நன்றாகத் தூங்கிய குழந்தை காலையில் எழுந்து விளையாடக் கூப்பிடும். அந்நேரம் பெரியவர்கள் கட்டையைப் போலக் கிடப்பார்கள். அதன் பின்னால் யார் ஓடுவது?

சகோதரி, விடியற்காலை நாலரைக்குக் கிளம்புங்கள். முந்தைய இரவு ஓட்டுகிறவர் ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும். பெட்டி கட்டுவதெல்லாம் மற்றவர் வேலை. சர்ஜாபூர் சாலையில் இருப்பவர்கள் சில்க் போர்டு பக்கமே போக வேண்டாம். சர்ஜாபூர் ஊர் வழியாக அத்திப்பள்ளியில் போய் ஏறிவிடலாம். ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று முழுவதும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான். எங்கள் காலத்தில் இதற்கு எண் 7. சேலம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர், மதுரை 435. மதுரையில் படுத்துவிட்டு மறுநாள் காலை மூன்று மணி நேரத்தில் நெல்லை.

தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். சேலம் நோக்கிப் போகும்போது அது இறக்கம். டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் உருட்டி வரும் லாரிகள் அங்கே உண்டு. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் முன்னால் போகிற வண்டிதான் அதற்குத் தடுப்புச் சுவர். கியரைக் குறைத்து நிதானமாக இறங்குங்கள். பாரம் ஏற்றிய லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் வழிவிட்டு முன்னே அனுப்பிவிடுங்கள். நெடுஞ்சாலையில் எது நடந்தாலும் 1033க்கு அழைக்கலாம். கைப்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

இரவுப்பறவை

ஆறு முறையும் ஒன்றும் ஆகவில்லை, ஐயா.

பழைய ஓட்டுநர்

ஏழாவது முறையும் ஆகாமல் இருக்கட்டும், தம்பி.

வெள்ளுடை

குழந்தைகள் வார்டில் செவிலியாக இருக்கிறேன். அத்தையின் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. கொஞ்சம் கடுமையானது.

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நிற்பது ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பள்ளிக்கூட இயற்பியல்தான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். அந்த நொடியில் பன்னிரண்டு கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. பாசம் குறைவு என்பதால் அல்ல. யாராலும் முடியாது. மடியில் வைத்திருப்பவர் இருக்கைப் பட்டை போடாவிட்டால் அவருடைய எடையும் சேர்ந்து குழந்தையை முன்னிருக்கையோடு நசுக்கும். அவருக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே பட்டை போடுவது இன்னும் மோசம். அத்தையிடம் எட்டாவது மாடி என்று சொல்லிப் பாருங்கள், புரியும். சட்டமும் அதையே சொல்கிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

இருக்கையின் எடை வரம்பு, உயர வரம்பு இடம் தரும்வரை குழந்தை பின்நோக்கி உட்காருவது நல்லது. முன்னிருக்கையில் வேண்டவே வேண்டாம், மோதும்போது வேகமாக விரியும் காற்றுப்பை அங்கே இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து நடக்க விடுங்கள்.

வாந்தி: இரண்டு வயதுக்குப் பிறகுதான் பெரும்பாலும் இந்தத் தொல்லை தொடங்கும். உங்கள் மகள் சரியாக அந்த வாசலில் நிற்கிறாள். வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டு வளைவில் ஏறாதீர்கள். காலியாகவும் வைக்காதீர்கள். ஓர் இட்லி, ஒரு ரஸ்க் அளவில் அவ்வப்போது கொடுங்கள். கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தால் கட்டாயம் குமட்டும். மருந்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டாம். குழந்தையின் எடையைச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புரோமெத்தசின் போன்ற மருந்தை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, அதற்கு மேலும் மருத்துவர் சொன்னால் மட்டும்தான்.

வாந்தியில் போகும் நீரை ஈடுகட்ட ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் நான்கு வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண் அளவில் கலக்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு எங்காவது இருக்கலாம், ஏமாற வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

வந்தே பாரத் பார்த்தீர்களா? 2024 ஆகஸ்ட் முதல் பெங்களூரு கண்டோன்மென்ட் – மதுரை ஓடுகிறது. எட்டு மணி நேரம்தான். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். மதுரையில் ஒரு வாடகை வண்டி எடுத்தால் பெட்ரோல், சுங்கம், ஓட்டல் எல்லாம் மிச்சம்.

வேப்பம்பூ

பார்த்தோம், அண்ணா. நம் ஊரிலிருந்து மதியம் கிளம்பி மதுரையை இரவில் தொடுகிறது. அந்த நேரத்தில் ஐந்து பெட்டி, இரண்டு பெரியவர்கள், தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தை. வாடகை வண்டியில் இருக்கையைப் பொருத்த இடம் இருக்குமா என்பதும் தெரியாது. தவிர, பொங்கல் பானை, அடுப்பு வரைக்கும் அத்தை எடுத்து வைத்திருக்கிறார். கார்தான்.

வெள்ளுடை அக்கா, எட்டாவது மாடியைச் சொன்னேன். அத்தை பதில் பேசவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது மட்டும், "அந்தக் கூண்டுக்குள் பஞ்சு நிறைய இருக்கிறதா?" என்று கேட்டார்.

மூன்று பிள்ளைக்காரி

நான் பொம்மசந்திராவில் இருக்கிறேன், பிறந்த ஊர் சங்கரன்கோவில். மூன்று பிள்ளைகளையும் இந்தச் சாலையில்தான் வளர்த்தேன் என்றே சொல்லலாம்.

எல்லாரும் கிலோமீட்டரைப் பேசுகிறீர்கள். குழந்தைக்குக் கிலோமீட்டர் தெரியாது. அவள் வழக்கமாக எத்தனை மணிக்கு எழுவாள், எத்தனை மணிக்கு வெளிக்கு இருப்பாள், மதியம் எப்போது சாய்வாள் என்று ஒரு வாரம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை வரைபடத்தின் மேல் வையுங்கள். ஏழரைக்கு எழுகிறவள் என்றால் அப்போது நீங்கள் சேலத்தை நெருங்கியிருப்பீர்கள். அதுதான் காலை உணவு. பன்னிரண்டுக்குத் தூங்குகிறவள் என்றால் பதினொன்றரைக்கு எங்கேயாவது இறக்கி ஓட விடுங்கள், சாப்பாடு ஊட்டுங்கள், டயப்பர் மாற்றுங்கள், பிறகு ஏற்றுங்கள். தூங்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வரம். அப்போது டீ குடிக்கிறேன், படம் எடுக்கிறேன் என்று யாராவது வண்டியை நிறுத்தச் சொன்னால் அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போங்கள். வண்டி நின்றதும் கண் விழிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

சாப்பாடு: பெரியவர்களுக்குப் புளியோதரை. குழந்தைக்கு நல்லெண்ணெய் தடவிய இட்லி, மலைப்பழம், பிளாஸ்கில் வெந்நீர், டப்பாவில் வறுத்து அரைத்த சத்துமாவு. தயிர் சாதம் எடுத்துப் போவதானால் சாதத்தைக் குழைய வடித்துப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள், பகலுக்குள் பதமாக உறைந்திருக்கும். ஆனால் பங்குனி வெயிலில் அதை மாலைவரை நம்ப வேண்டாம். வழியில் சட்னி, சாம்பார் குழந்தைக்கு வேண்டாம். இட்லியும் சர்க்கரையும் கேட்டால் எந்த ஓட்டலிலும் தருவார்கள்.

விளையாட்டுச் சாமான் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று, அதற்குள் போட்டு எடுக்க ஐந்தாறு பெரிய மரக் கரண்டி, ஒரு பழைய துப்பட்டா. என் நடுப்பிள்ளை ஒரு துப்பட்டாவோடு நாமக்கல்லிலிருந்து திண்டுக்கல்வரை வந்தான். எல்லாவற்றையும் முதல் மணியிலேயே கொடுத்துவிட வேண்டாம். ஒன்று சலித்த பிறகு அடுத்தது.

நெல்லைக்காரன்

இத்தனை பேர் பேசிவிட்டு ஒருவர்கூட வழியில் உள்ள ஊர்களின் சாப்பாட்டைச் சொல்லவில்லையே! திண்டுக்கல்லில் பிரியாணி. இரண்டாம் நாள் விருதுநகரில் எண்ணெய் பரோட்டா. சாத்தூரில் காராச்சேவு. கோவில்பட்டியில் கடலை மிட்டாய், 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதைக் குழந்தை கையில் கொடுங்கள், நெல்லைவரை சத்தமே வராது.

வெள்ளுடை

தயவு செய்து கொடுக்காதீர்கள். கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை மூன்றும் நாலைந்து வயதுவரை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியவை. ஓடும் வண்டியில், பின்நோக்கிய இருக்கையில், சத்தமே வராமல்தான் சிக்கும். கடலை மிட்டாயைப் பெரியவர்கள் சாப்பிடுங்கள்.

நெல்லைக்காரன்

மன்னிக்கவும், அக்கா. என் பங்கையும் சேர்த்து மாமா சாப்பிடட்டும்.

பழைய ஓட்டுநர்

இன்னொன்று நினைவுக்கு வந்தது. குழந்தை இருக்கையை இடப்பக்கம் பொருத்துங்கள். நிறுத்தினால் ஓரத்துப் பக்கக் கதவு வழியாகவே குழந்தையை இறக்கலாம், சாலைப் பக்கம் யாரும் இறங்க வேண்டியதில்லை. ஆனால் தெற்கே போகும்போது காலை வெயில் முழுவதும் இடப்பக்கம்தான் அடிக்கும். கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு பருத்தித் துண்டைச் செருகி ஏற்றிவிடுங்கள். நிறுத்தும் இடத்தில் வெயிலில் வண்டியை விட்டால் அந்த இருக்கையின் கொக்கி பழுக்கக் காய்ந்திருக்கும். முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். குழந்தையை உள்ளே விட்டுவிட்டு, "இதோ ஒரு நிமிடம்" என்று டீக்கடைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடிய வண்டி கால் மணி நேரத்திலேயே அடுப்பாகிவிடும்.

மூன்று பிள்ளைக்காரி

கோவில் நாளையும் யோசித்தீர்களா? பயணம் முடிந்த மறுநாளே மொட்டை என்றால் அது மொட்டையாக இருக்காது, போர்க்களமாக இருக்கும். நடுவில் ஒரு நாள் தாத்தா வீட்டு முற்றத்தில் மண்ணில் புரளட்டும். புது பிளேடு கையோடு எடுத்துப் போங்கள். திரும்பும்போது மொட்டைத் தலைக்கு ஒரு மெல்லிய துணித் தொப்பி. சந்தனம் பூசிய தலையை இருக்கையில் சாய்த்தால் உறையைத் துவைத்து மாளாது.

வேப்பம்பூ

பதினோரு நாள் கழித்து வருகிறேன். திரும்பிவிட்டோம். மொட்டைத் தலையோடு ஒருத்தி பக்கத்தில் தூங்குகிறாள்.

நாலரை மணித் திட்டம் ஐந்து பத்துக்குத்தான் நடந்தது. பொங்கல் பானையை எங்கே வைப்பது என்பதில் நாற்பது நிமிடம் போனது. தூங்கும் குழந்தையை அலுங்காமல் இருக்கையில் வைத்துப் பட்டை மாட்டிவிட்டோம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் யாரோ ஒலிப்பானை அழுத்த, கண்ணைத் திறந்தவள் கரூர்வரை மூடவில்லை. ஒரு வாரம் எழுதிய தாள் அங்கேயே செல்லாக்காசாகிவிட்டது.

ஆனால் மூன்று பிள்ளைக்காரி அக்கா, தாளை எழுதியது வீணாகவில்லை. தூக்கம் தவறினால் எந்த நேரத்தில் எப்படி அழுவாள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒரு முறை, சேலத்தில் ஒரு மணி நேரம், நாமக்கல்லில் ஒரு முறை என்று நிறுத்தினோம். நாமக்கல்லில் ஊருக்குள் போய், மேற்கூரை இல்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைக் காட்டினோம். அண்ணாந்து பார்த்தவள் அப்படியே பின்னால் விழுந்தாள். எழுந்து மறுபடியும் பார்த்து மறுபடியும் விழுந்தாள். அந்தக் கால் மணி நேர ஆட்டத்தில்தான் களைத்திருக்க வேண்டும். பரமத்தி வேலூர்ப் பாலத்தில் "காவிரி பார், காவிரி பார்" என்று மாமா காட்டினார். மணல்தான் நிறைய இருந்தது. அவள், "பீச்" என்றாள். கரூர் தாண்டியதும் தூங்கிவிட்டாள்.

அப்போது மணி ஒன்றரை. எல்லாருக்கும் பசி. திண்டுக்கல் பிரியாணி என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் கணவர். பெயர்ப்பலகைகள் வரிசையாக வந்தன. போயின. வண்டிக்குள் யாரும் மூச்சு விடவில்லை. மூன்றேகாலுக்கு மதுரையில் போய்த்தான் சாப்பிட்டோம். அவர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

தொப்பூரில் ஓட்டியது நான். ஓட்டுநர் ஐயா சொன்னபடி மூன்றாவது கியரில் இறங்கினேன். சிமெண்ட் லாரி ஒன்று பின்னால் நெருங்கியது, வழிவிட்டேன். மாமா ஒரு முறைகூடப் பிரேக்கை மிதிக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர் தருமபுரியிலிருந்து குனிந்து செய்தித்தாள் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். கணவாய் முடிவதற்குள் வாந்தி. மகளுக்காக நான் எடுத்து வைத்திருந்த உறைகள், ஈரத்துணி, மாற்றுச் சட்டை எல்லாம் முன்னிருக்கைக்குப் போயின. (சட்டை மட்டும் அளவு சேரவில்லை.)

நெடுஞ்சாலையில் ஓர் உணவகம், பெயர் வேண்டாம். டயப்பர் மாற்ற இடம் கேட்டால் கைகழுவும் தொட்டி மேடையைக் காட்டினார்கள். வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து பொங்கல் பானையை நகர்த்திவிட்டு அங்கேயே பாயை விரித்து மாற்றினேன். பிறகு வழி முழுவதும் அதுதான் எங்கள் அறை.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டது பெரிய உதவி. காதுகுத்துக்குத்தான் ஊரே கேட்கும்படி அழுதாள், அவளோடு கணவரும்.

வெள்ளுடை

மகிழ்ச்சி. மாமாவுக்கு எடை சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

இரவுப்பறவை

ஐந்து பத்துக்குக் கிளம்பி மூன்றேகாலுக்கு மதுரை! பத்து மணி நேரம்! நான் அந்நேரத்தில் நெல்லையில் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியே எழுந்திருப்பேன்.

மூன்று பிள்ளைக்காரி

தூங்கி எழுந்தது நீங்கள். மகனைப் பார்த்துக்கொண்டது யார் என்று உங்கள் வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.

பழைய ஓட்டுநர்

சகோதரி, அத்தை என்ன ஆனார்? மடியா, கூண்டா?

வேப்பம்பூ

சொல்ல விட்டுவிட்டேன், ஐயா. போகும்போது வழி முழுவதும் பட்டைக்குள் இரண்டு விரலை விட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். நெல்லையில் என் நாத்தனார், "கோவில் பக்கத்தில்தானே இருக்கிறது, நாற்பது கிலோமீட்டர், மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று கையை நீட்டினார். அத்தை, "எட்டாவது மாடி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை.

திரும்பும்போது வடக்கே வந்ததால் காலை வெயில் வலப்பக்கம், அத்தையின் மேல். துண்டைப் பிடுங்கி அவர் பக்கக் கண்ணாடியில் செருகச் சொல்லி மகள் சாத்தூர்வரை அழுதாள். செருகிய பிறகுதான் ஓய்ந்தாள்.